குச்சியைத் தூக்கியவரும் காலி நாற்காலிகளும்

பெர்லினிலும் டோக்கியோவிலும் இசைக்குழு நடத்துநர் யாசோனாஸ் குச்சியைத் தூக்கினால் நூறு வாத்தியங்கள் மூச்சை அடக்கும். சொந்த ஊரான கிரேக்கத் தீவு கொர்ஃபுவில் கச்சேரி நடத்த வந்த மனுஷர், ஒத்திகை மண்டபத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் குச்சியும் கையுமாக நின்றார். உள்ளூர் வாத்தியக்காரர்களில் ஒருத்தரையும் காணோம்.

"சோம்பேறிப் பசங்க!" என்று கொதித்துக்கொண்டே அக்கா வீட்டுக்குத் திரும்பினார்.

அங்கே கூடத்தில், ட்ரம்பெட்காரன் முதல் முரசுக்காரன் வரை மொத்தக் கூட்டமும் பாதாம் கேக்கை மென்றுகொண்டிருந்தது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றாள் அக்கா ஆந்தூலா. "இன்னிக்குப் புனித யாசோன் திருநாள். அவர் பேரை வச்சிருக்கிற உனக்குப் பேர்நாள். ஊர் ஊராச் சுத்தினதுல சொந்தப் பேரே மறந்துபோச்சா?"

"ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தேனேக்கா!"

"கூப்பிட்டா வர்றவங்க பெர்லின்காரங்க. உன் பேர்நாளுக்கு இவங்க கூப்பிடாமலே வருவாங்க. குச்சியைக் கீழ வச்சிட்டுத் தட்டை எடு. பேர்நாள்காரன் நீதான், பரிமாறு."