ஒரு குழாய் ரிப்பேர்

1. முகாமில்

"இன்னிக்கும் அடிதடின்னா நாளையிலிருந்து டேங்கர் போகாது, அப்துல்லா" என்றார் மேஜர். கோயம்புத்தூர்க்காரர், கோபம் வந்தால் மட்டும் தமிழ் பேசுவார்.

தெற்கு சூடானில் ஐ.நா. அமைதிப்படைக்கு நம் நாடு அனுப்பிய பட்டாளத்தில் நான் தண்ணீர் டேங்கர் டிரைவர். துப்பாக்கிக் கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மாட்டுத் தகராறில் ஊரை விட்டு ஓடிவந்த இரண்டு கூட்டத்தார் எங்கள் முகாமையொட்டித் தங்கியிருந்தார்கள். டேங்கர் நின்றால் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் சேற்றுத் தண்ணீர்தான்.

டேங்கருக்கு இரண்டு பக்கமும் குழாய். ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துவிட்டவன் நான்தான். என் கொச்சி மட்டாஞ்சேரி மூளை! வலப்பக்கம்தான் வேகமாக வருகிறது என்று இடப்பக்கத்தார் கத்தினார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். இப்போது மற்றவர்கள் கத்தினார்கள். கேன்கள் பறந்தன.

மேஜர் எச்சரித்த அன்று ஒரு குழாயை மூடி, வால்வின் பிடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "ரிப்பேர்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லச் சொன்னேன். ஒரு தரப்பைச் சேர்ந்த உயரமான அம்மாள் என்னை நீளமாகத் திட்டினாள். எதிர்த்தரப்புப் பெண் அதற்கு இரண்டு வசவு எடுத்துக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் வானத்தைப் பார்த்தார். இந்தியாக்காரன் வண்டி ஓட்டை வண்டி என்பதில் இரு தரப்புக்கும் முதன்முதலாக ஒற்றுமை! திட்டிக்கொண்டே ஒரே வரிசையில் நின்றார்கள். உயரமான அம்மாளின் கேனை மற்றவள் தலைக்குத் தூக்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மெக்கானிக்கை அனுப்பட்டுமா?" என்றார் மேஜர்.

"ஸ்பேர் இல்ல சார்."

அவர் என் புடைத்த பாக்கெட்டைப் பார்த்தார். "கெடைக்கவும் வேண்டாம்" என்றார். இம்முறை கோபமில்லாத தமிழ்.

2. மட்டாஞ்சேரியில்

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கோடையில் எங்கள் சந்துக்கு டேங்கர் வந்தது. இரண்டு ஹோஸ். சந்தின் இரண்டு முனைக்காரர்களும் குடத்தோடு மோதினார்கள்.

"ஐ.நா.வுக்கெல்லாம் போய் சண்டைய நிறுத்தின ஆளல்லே? இங்கயும் போய் நிறுத்துங்க" என்றாள் என் மனைவி. "நம்ம குடத்த மறக்கண்டா!"

போய் ஒரு வால்வை மூடினேன். "ரிப்பேர்" என்றேன்.

இட்லிக்கடை செல்வி இடுப்பில் கைவைத்தாள். "அண்ணே, பிடி உங்க லுங்கி மடியிலதான் இருக்கு. எடுங்க."

பிறகு இரண்டு முனையும் சேர்ந்து என்னைத் திட்டின. திட்டிக்கொண்டே ஒரே வரிசையில் நின்றன.

வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: சமாதானம் வேண்டுமென்றால் நடுவில் ஒருவன் இரு பக்கத் திட்டையும் வாங்கியே ஆகவேண்டும். அன்று எங்கள் குடம்தான் வரிசையில் கடைசி. மூன்றாவது பக்கத் திட்டு வீட்டில் காத்திருந்தது.