புது வேன் வேண்டாம் என்றவர்

எங்கள் கூரியர் கிடங்குக்குப் புது எலக்ட்ரிக் வேன் ஒன்று வந்தபோது, என்னோடு வேலை பார்த்த அண்ணன் அதை எனக்கு விட்டுக்கொடுத்தார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

கிடங்கு ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருக்கிறது. நான் நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். அவர் வீடு கிடங்குக்குப் பின்தெருவில். வேலையில் என்னைவிட மூத்தவர். முறைப்படி புது வண்டி அவருக்குத்தான். பழையது கேஸ் வண்டி. பின்கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்தே முழங்கால் விட்டுப்போகும்.

"நீயே எத்துக்கோம்மா. எனக்கு பழசே போதும்."

"ஏண்ணா, இதுல ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு இன்னா? சும்மா வழுக்கினு போவுது."

நல்ல பொருளை யார் காரணமில்லாமல் விட்டுக்கொடுப்பார்கள்? பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பயந்தபடியே ஓட்டினேன். தீரவில்லை. மேம்பாலத்தில் சத்தமே இல்லாமல் ஏறியது. தளம் தாழ்வாக இருந்ததால் பெட்டி ஏற்றும்போது இடுப்பும் வலிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை: கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா. கொட்டாவி விட்டால் கத்தும். பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் போனுக்குத் தகவல் போய்விடும்.

கேமரா பார்க்கக்கூடாத எதையோ அவர் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். பார்சல் காணோம் என்று புகார் வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஒருநாள் அவர் லீவில் இருந்தபோது பழைய வண்டியை நான் எடுக்க வேண்டிவந்தது. பக்கத்து சீட்டில் புடவையை மடித்துத் தைத்த மெத்தை. அதன் இடுக்கில் ஒரு கொண்டை ஊசி. திருட்டுச் சந்தேகம் போய் வேறு சந்தேகம் வந்தது.

அடுத்த வாரம் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் அந்தப் பழைய வண்டி நின்றிருந்தது. உள்ளே ஒரு பெண், தலையில் பூ வைத்துக்கொண்டு. நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கிட்டே போனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

பார்சல் கொடுத்துவிட்டு வந்த அண்ணன் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"என் சம்சாரம்மா," என்றார். "எல்லாம் மறந்துபூட்டா. தனியா உட்டா கதவத் தொறந்துகினு கெளம்பிடறா. பாத்துக்க வேற ஆளில்ல. ஆபீஸ்ல சொல்லிடாதம்மா."

"சொல்ல மாட்டேண்ணா."

சொல்லவும் இல்லை. சூப்பர்வைசர் கேட்டபோதுகூட மழுப்பினேன்.

"அவரு ஏன் மேடம் புது வண்டி பேடான்னுட்டாரு?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"பழசு கை பழகிடுச்சாம் சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கிளம்பினேன்.

அந்த மாதமே பழைய வண்டிகளுக்கும் கேமரா மாட்ட ஆள் வந்தது. எல்லா வண்டிகளுக்கும்தான். அண்ணன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சொல்ட்டியாம்மா?"

"சத்தியமா இல்லண்ணா."

"செரி" என்றார். அந்தச் 'செரி'யில் நம்பிக்கை துளியும் இல்லை. அதன்பிறகு என்னோடு டீ குடிக்க வரவில்லை. சீக்கிரமே வேலையையும் விட்டுவிட்டார். யாராவது சொல்லித்தான் மாட்டினார்களா, தானாக நடந்ததா, தெரியாது. வண்டிகளுக்குள் எட்டிப் பார்க்கும் கேட் செக்யூரிட்டி மேல் எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

போன மாதம் சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்கு முன்னால் அவரைப் பார்த்தேன். குட்டி லோடு வண்டி ஒன்றில் துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் அவர் மனைவி.

"அண்ணா!" என்று கூப்பிட்டேன்.

அந்த அம்மாள்தான் திரும்பி, பழகியவர் போல் கையசைத்தார். அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, ஏறி வண்டியைக் கிளப்பினார்.