மூன்றாவது வரிசையில் ஒரு குடை

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'எக்ஸ்ரே' என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முப்பது வருஷமாக ஒரே அறையில் நின்று அடுத்தவர் எலும்பைப் படம் பிடித்தவர். தலைமுடி மாதிரி ஓடுகிற விரிசலை டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவதற்குள், "சார், மூணாவது விலாவுக்குக் கீழ பாருங்க" என்பார். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதனால் டாக்டர்களுக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

வீட்டுக்கு வந்தாலும் பார்க்கிற வேலைதான். எலும்புக்குப் பதில் சினிமா. பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஹெச்.டி. டிஸ்க் ஓட்டுவதற்கென்று தனியாக வாங்கி மாட்டிய டிரைவ், சுவர் முழுக்க டிஸ்க் அலமாரி. பழைய படம் ஏதாவது புதிதாகத் துலக்கி டிஸ்க்கில் வந்தால் முதல் வாரமே வாங்கிவிடுவார். அதை உட்கார்ந்து பார்க்கமாட்டார். ஒரு பிரேம், அடுத்த பிரேம் என்று நகர்த்திக்கொண்டே போய், அசைவில் கலங்காத ஒன்றைப் பிடித்து நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு புள்ளிகூடக் குறையாமல் சேமிப்பார். அவரைப் போன்ற ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருந்தார்கள். பழைய டிஸ்க்கின் படத்தையும் புது டிஸ்க்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நிறத்தக் கூட்டி வச்சிருக்கான், எல்லார் மூஞ்சிலயும் மஞ்சக் காமால" என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் கடைசித் தீர்ப்பு எக்ஸ்ரேயுடையது.

அவர் மனைவி கடைத்தெருவில் சலவைக் கடை நடத்தினாள். கோட்டு, சட்டை, திரைச்சீலை என்று எது வந்தாலும் ஒரு பார்வையில் கறை என்ன கறை என்று சொல்லிவிடுவாள். "என் வீட்டுக்காரருக்கு உள்ள இருக்கிறது தெரியும், எனக்கு மேல இருக்கிறது தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது வலது கை தானாக வாயை மூடிக்கொள்ளும். அவருக்குத் தெரிந்து இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவருக்கு ஆஸ்பத்திரி இல்லை, அவளுக்குக் கடை உண்டு. அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்த டிஸ்க்கைப் போட்டார். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய படம். பஸ் நிலையத்தில், கொட்டுகிற மழையில், கதாநாயகியை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்புகிற காட்சி. பழைய டிஸ்க்கில் பின்னால் நிற்கிற கூட்டம் வெறும் சாம்பல் சேறாகத் தெரியும். புதியதில் ஒவ்வொரு தலையும் தனித்தனியாகத் தெரிகிறது என்று குழுவில் ஒருவன் எழுதியிருந்தான். அது மெய்யா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்.

மெய்தான். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி நின்றிருந்தாள்.

முதலில் நம்பவில்லை. பெரிதாக்கிப் பார்த்தார். இடது புருவத்தில் நெல்மணி அளவுக்கு முடி முளைக்காத ஒரு இடம் அவளுக்கு உண்டு. அது அங்கே இருந்தது. இருபது வயது இருக்கும். அவள் பிறந்த ஊரில் படம் பிடித்திருக்கிறார்கள், ஊர்க்காரர்களைக் கூட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் அந்தக் குடையைப் பார்த்தார்.

குடையைப் பிடித்திருந்தது ஒரு ஒல்லியான, உயரமான ஆள். மெல்லிய மீசை. குடை முழுவதும் அவள் தலைக்கு மேல் இருந்தது. அவன் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கை வாயை மூடவில்லை. பல் வரிசை முழுவதும் தெரிய ஒரு சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்ததாகவே எக்ஸ்ரேக்குத் தெரியாது.

அந்தக் கூட்டம் திரையில் வருவது ஏழே விநாடி. விநாடிக்கு இருபத்துநாலு பிரேம். நூற்று அறுபத்தெட்டையும் ஒன்று விடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். ஒரு போல்டரில் போட்டு, அதற்கு 'பழைய வாரண்டி' என்று பெயர் வைத்தார். அவள் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டாள். இருந்தாலும் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி அவருக்கு ஒரு பயம்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் உட்கார்ந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். குழுவில், "என்ன சார், உங்க தீர்ப்பக் காணோம்" என்று கேட்டார்கள். பதில் போடவில்லை. அவருடைய விசாரணை வேறு தடத்தில் போய்க்கொண்டிருந்தது. நாற்பதாவது பிரேமில் அவள் போட்டிருந்த கோட்டில் பொத்தான் வலது பக்கம் தைத்திருந்தது தெரிந்தது. அப்படியென்றால் ஆம்பளைக் கோட்டு. கை நீளம் விரலையே மறைக்கிறது. அவனோ வெறும் சட்டையில் நிற்கிறான். கோட்டையும் கொடுத்து, குடையையும் கொடுத்து! தொண்ணூற்றாறாவது பிரேமில் அவன் இடது கை அவள் காலர் பக்கம் வந்தது. நூற்றுப் பத்தில் போய்விட்டது. நடுவில் அந்தப் பதினாலு பிரேமில் அந்தக் கை என்ன செய்தது? முன்வரிசையில் நின்ற ஒரு குண்டு ஆசாமியின் தலை மறைத்தது. உயிருடன் இருக்கிறானோ இல்லையோ தெரியாத அந்தக் குண்டனை எக்ஸ்ரே வாய்விட்டுத் திட்டினார்.

வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சு வழக்கு என்று அதுவரை நினைத்திருந்தார். மெய்யாகவே எரிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டார்.

அவளுடைய தம்பிக்கு போன் செய்தார். ஊர் நிலவரம், உடம்பு நிலவரம் எல்லாம் பேசிவிட்டு, "ஏன் மாப்ளே, உங்க ஊர்ல முன்ன ஒரு சினிமா எடுத்தாங்களாமே?" என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆமா மாமா! பஸ் ஸ்டாண்ட்ல. தீயணைப்பு வண்டிய வச்சு மழை பெய்ய விட்டாங்க. எனக்குப் பத்து வயசு. அக்காகூடப் போயிருந்தா, அந்த போஸ்ட் ஆபீஸ்..." அங்கே நிறுத்திக்கொண்டான்.

"போஸ்ட் ஆபீஸ்?"

"போஸ்ட் ஆபீஸ் பக்கத்துலதான் மாமா பஸ் ஸ்டாண்டு. சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்."

பாலாவது தயிராவது என்று போனை வைத்தார். மச்சினன் மென்று முழுங்கியது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு மாலை நல்ல மழை. வழக்கமாக அவள் கடையிலிருந்து தனியாகத்தான் வருவாள். எக்ஸ்ரே குடையை எடுத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் நின்றார். அவளுக்கு ஆச்சரியம்.

"என்னங்க இது, வழி தவறி வந்துட்டீங்களா?"

"நனைவியேன்னுதான்."

குடை முழுவதையும் அவள் தலைக்கு மேல் நீட்டினார். அவர் அவளைவிட ஒரு விரற்கடை குள்ளம். குடைக் கம்பி அவள் கண்ணைக் குத்தப் பார்த்தது. நாலு அடி நடந்ததும் அவளுடைய ஒரு தோளும் அவருடைய இரண்டு தோளும் நனைந்தன. "கொடுங்க, நானே புடிக்கிறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஏன், நான் புடிச்சா புடிக்கலியா உனக்கு?" என்றார்.

அது சிலேடை என்று நினைத்து அவள் சிரித்தாள். கை வாய்க்குப் போனது. அந்தக் கையைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அது நடந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெரியவரை அனுப்பியிருந்தார்கள். வலது மணிக்கட்டு என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. எக்ஸ்ரே இடது மணிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். பெரியவர் பாவம், "வலிக்கிறது அந்தக் கை இல்லீங்களே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இவர் காதில் ஏறவில்லை. சின்ன டாக்டர் இறங்கி வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. "நீங்களா சார் இப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். முப்பது வருஷத்தில் அவருக்கு இதுதான் முதல் தப்பு.

மீதி நேரத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே சலவைக் கடைக்குப் போனார். "கடைய வேலை பாக்கிற பொண்ணுகிட்ட விட்டுட்டு வீட்டுக்கு வா. ஒண்ணு காட்டணும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து, ஏதோ பெரிய வியாதிக்கான ரிப்போர்ட்டைத்தான் காட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே அவள் வந்தாள்.

பின்னறையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, போல்டரைத் திறந்து, ஐம்பதாவது பிரேமைத் திரை முழுவதும் நிரப்பினார். பின்னால் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமி, "இது யாரு?" என்றார்.

அவர் கேட்டது அந்த ஆளை. அவள் அந்த ஆளைப் பார்க்கவே இல்லை.

"ஐயோ..." என்றாள். திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "நானா இது? என் மூஞ்சியா?"

பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். எக்ஸ்ரே எதற்கெல்லாமோ தயாராக வந்திருந்தார், இதற்குத் தயாராக வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க வீட்ல கேமரா கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஸ்கூல் போட்டோவுல கண்ண மூடியிருப்பேன். அதுக்கப்புறம் நம்ம கல்யாணப் போட்டோதான். நடுவுல எட்டு வருஷம் நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது. இந்தப் படத்த தியேட்டர்ல மூணு தடவ போய்ப் பாத்தேன். முன்னால நின்ன என் பிரண்டு நல்லாத் தெரிஞ்சா. ஊரே அவளக் கொண்டாடுச்சு. நான் நின்ன இடத்துல ஒரு கருப்புத் தல, அவ்வளவுதான். நானும் இருக்கேன்னு சொன்னா யாரும் நம்பல. அவமேல எனக்கு எவ்வளவு பொறாம தெரியுமா? அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன்."

"எப்ப எடுத்தீங்க இத?" என்று கேட்டாள்.

"மூணு வாரமாச்சு" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"ஓ. கேள்வி அவரப் பத்தியா?"

எக்ஸ்ரே பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்தார்.

"போஸ்ட் ஆபீஸ்ல இருந்தார். கட்டிக்கலாம்னு இருந்தோம். அவங்கம்மா வேணாம்னாங்க, அவரும் சரின்னுட்டார். மூணு மாசம் அழுதேன். நாலாவது மாசம் எனக்கே சலிச்சுப்போச்சு. அவ்வளவுதான். நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நீங்கதான் என் எலும்பத் தவிர எதையும் கேக்கமாட்டீங்களே."

எக்ஸ்ரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டார்: "என்னப் பாத்து இப்படிச் சிரிச்சதில்லையே நீ."

"எனக்கு முன்பல்லு உடஞ்சது இருபத்திரெண்டு வயசுல. படிக்கட்டுல விழுந்து. அதுலேருந்து வாய மூடித்தான் சிரிக்கிறேன். பின்னால பல்லக் கட்டிக்கிட்டேன், கை மட்டும் நிக்கமாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்தி, "ஊர்ல இருக்கிற ஒடசலெல்லாம் கண்டுபிடிக்கிறீங்க" என்றாள்.

அது குத்தலாகத்தான் சொன்னது. அவருக்கு உறைத்தது. ஆனாலும் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது முழுவதும் அணைந்துவிட்டது என்று சொல்லமுடியாது. மறுநாள் அவளுக்காக அந்தப் பிரேமை நல்ல தாளில் அச்செடுக்கப் போனார். போகும் முன் கம்ப்யூட்டரில் அந்த ஆளை வெட்டினார். வெட்டினால் குடை அந்தரத்தில் தொங்கியது. குடையையும் வெட்டினார். மிஞ்சியது அவள் முகமும் காலரும். அதை மடக்காமல் உறையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எதப் பாத்துச் சிரிக்கிறான்னு கேட்டா என்ன சொல்றது? பைத்தியக்காரி மாதிரி இருக்கேன். முழுசா எடுத்துட்டு வாங்க. பஸ்ஸு, மழ, எல்லாம்."

"அந்த ஆளுமா?"

"அந்த ஆளுந்தான். பாவம், நனஞ்சிட்டுல்ல நிக்கிறார்."

அச்செடுக்கிற கடைக்காரன், "நேத்துதான சார் எடுத்தீங்க?" என்று கேட்டான். "சைஸ் பத்தல" என்றார் எக்ஸ்ரே. அந்த முழுப் படம் சலவைக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டப்பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அவளும் சலிக்காமல் சொன்னாள். எக்ஸ்ரே கடைக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே நிற்பார்.

ஒரு மாதம் கழித்துக் குழுவில் தீர்ப்பைப் போட்டார். புது டிஸ்க் நன்றாக இருக்கிறது, நிறம் சரி, இருட்டில் விவரம் தெளிவு என்று எழுதி, அத்தாட்சிக்கு ஐம்பதாவது பிரேமையும் சேர்த்தார். வேறு நூற்று அறுபத்தேழு இருக்க அதை ஏன் போட்டார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. அரை மணியில் பதில்கள் வந்தன. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 'மூணாவது வரிசையில சிரிக்கிற பொண்ணு யாரு சார்? ஹீரோயினையே தூக்கிச் சாப்பிட்டுட்டா' என்று ஒருவன். 'பஸ் போனாப் போகட்டும், இவங்கள இன்னும் ரெண்டு பிரேம் போடுங்க' என்று இன்னொருவன். முகம் தெரியாத இந்தத் தடியன்கள்மேலும் அவருக்குப் பொறாமை வந்தது. கூடவே நெஞ்சும் நிமிர்ந்தது. 'என் மனைவி' என்று தட்டினார்.

உடனே ஒருவன் கேட்டான்: 'அப்போ பக்கத்துல குடை பிடிச்சிருக்கிறது நீங்களா?'

எக்ஸ்ரே உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேள்வியை வாசித்துக் காட்டினார்.

"ஆமான்னு போடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

அவர் திரையில் இருந்த அந்த ஆளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். 'இல்லை. நான் அவளைப் பார்த்தது இதற்கு நாலு வருஷம் கழித்து' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி அனுப்பினார்.

"ஏங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

"குடையும் கோட்டும்கூடப் பரவால்ல. அந்த மீசைய எதுக்கு நான் என் பேர்ல ஏத்திக்கணும்?" என்றார் எக்ஸ்ரே.