ஓட்டுக் கேட்டு வந்த சத்தம்

தாயில்பட்டி டீக்கடையில் சிவகாசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் வேட்பாளர் பெயர் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் போன தேர்தலின் சின்னமும், அதற்கும் அடியில் இடைத்தேர்தலின் சின்னமும் தெரிகின்றன.

படபடவென்று வெடிச் சத்தம். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரம்மா கிளாஸைப் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடுகிறார். அதற்குள் தெருவே வெளியே வந்துவிட்டது. புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று எல்லோரும் வானத்தையே பார்க்கிறார்கள்.

ஊர் முக்கில் கொடிகள் அசைகின்றன. வேட்பாளரை வரவேற்கச் சரவெடி கொளுத்தியிருக்கிறார்கள்.

"சரவெடிதாம்மா, பயப்படாதீங்க" என்கிறேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"வெளியூரு போல இருக்கீக. வேலை நேரத்துல இங்கன கல்யாணத்துக்குக்கூட வெடி போட மாட்டோம். எம்புட்டுச் சொன்னாலும் இந்தத் தொகுதியில செயிச்சவுக, தோத்தவுக எல்லாரும் வெடி போட்டுத்தான் ஊருக்குள்ள வந்தாக. எம் மக பட்டாசுக் கம்பெனியில இருக்கா. இந்தச் சத்தத்துக்குள்ள அங்கன ஒண்ணு வெடிச்சிருந்தா எப்படித் தெரியும்?"

மகளைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.

ஜீப்பிலிருந்து இறங்கிய வேட்பாளர் நேராகக் கடைக்கு வந்து கும்பிடுகிறார். "அக்கா ஓட்டு நமக்குத்தான?"

கடைக்காரம்மா வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம் மக சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கட்டும்யா. பொறவு சொல்லுதேன்."