மகனுக்குப் பின் பிறந்த தகப்பன்

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் சார்ட் வகுப்புச் சுவரில் ஏறியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார். தெல்லிப்பழைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு அது இரண்டாவது வருடம். வேலை நிரந்தரமாவது அவருடைய றிப்போட்டில்தான் இருந்தது.

ஆங்கிலச் சொற்களை நான் எங்கள் வழக்கப்படியே படிப்பித்தேன். புது ஆள் வந்தால் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்போமே, அப்படி. ‘டைப்’ ஒரு வீடு, ‘ரைட்’ ஒரு வீடு. இரண்டுக்கும் கலியாணம் நடந்து பிறந்தது ‘டைப்ரைட்’ என்ற வினைச்சொல். அதன் மகன் ‘டைப்ரைட்டர்’ என்ற மெஷின். சார்ட் முழுக்க நாலு நிற மையில் வம்சாவளி! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆணி அடிக்க வந்த, பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் அருளம்பலம் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தின் ஒரேயொரு டைப்ரைட்டர் அவருடைய மேசையில்தான் இருந்தது.

“மாஸ்டர், மெஷின் வரமுந்தி உந்த வேலையை ஆர் செய்தது?”

“சொல் முந்தியே இருந்திருக்கும்.”

“ஒருத்தரும் செய்யாத வேலைக்கு ஆரேன் பேர் வைப்பினமோ?”

எனக்குக் கோபம் வந்தது. கிளாக்கர் எனக்குப் படிப்பிப்பதா? அவர் பிழை என்று காட்டவே சனிக்கிழமை ரயிலேறி யாழ்ப்பாணம் போனேன். அங்கே ஒரு கல்லூரி நூல்நிலையத்தில், ஒவ்வொரு சொல்லும் முதலில் அச்சேறிய வருடத்தைச் சொல்லும் பெரிய அகராதி இருந்தது. சாதகம் பார்ப்பதுபோல இரண்டு சொற்களையும் ஒப்பிட்டேன். மகன் தகப்பனுக்கு மூத்தவன்! முதலில் மெஷினுக்குத்தான் பெயர் வந்திருக்கிறது. அதன் வாலை நறுக்கித்தான் பிறகு வினைச்சொல்லை உண்டாக்கியிருக்கிறார்கள்.

திங்கள் காலை, சார்ட் பிழை என்று அதிபரிடம் சொன்னேன்.

“அவர் உதைக் கவனிக்கமாட்டார். பேசாமல் விடும். உம்மடை வேலை நிரந்தரமாகிற விஷயமெல்லோ?” என்றார்.

“பிள்ளையளுக்குப் பிழையாய்ச் சொன்னது நான்தானே, சேர்.”

வித்தியாதரிசி சார்ட்டைப் பார்த்து “வெரி குட்” என்றார். நான் பிள்ளைகளுக்கு முன்னால் சிவப்பு மையை எடுத்து, தகப்பனிலிருந்து மகனுக்குப் போன அம்புக்குறியை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன்.

“நான் கீறினது பிழை, சேர். எங்கடை கிளாக்கர்தான் பிடிச்சவர்.”

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அதிபர் அன்று முழுக்க என் முகம் பார்க்கவில்லை.

ஒரு மாதம் பயந்தபடிதான் இருந்தேன். பிறகு நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. ‘தன் பிழையை வகுப்பின் முன்னால் திருத்துகிறவர்’ என்ற றிப்போட் வரியும் அதில் இருந்தது.

ஒரு தொழிலின் சொல்லைப் பற்றி அறிய வேண்டுமா? அந்தத் தொழில் செய்கிறவரை முதலில் கேளுங்கள். அகராதி அடுத்தபடி. முப்பது வருடம் இப்படித்தான் படிப்பித்தேன்.

அந்த நியமனத்தை ஏற்று நான் அனுப்பவேண்டிய பதில் கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்து தந்தவரும் அருளம்பலம்தான்.

“பிழை ஏதும் இருக்கோ பாருங்கோ, மாஸ்டர்.”

“உங்களிட்டைப் பிழை பிடிக்கிற வேலையை நான் விட்டிட்டன்” என்று சொல்லி, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.