உருவக் கூடாத கால்

ஹெர்னியா என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குடல் இறங்கியிருந்த இடம் அப்படி. அப்பா "வயித்துல ஒரு சின்ன வேலை" என்பார், ஏதோ பம்புசெட்டுக்கு வாஷர் மாற்றப் போகிற மாதிரி. அத்தை, அப்பாவைத் தூக்கி வளர்த்த அவருடைய அக்கா, "அந்த எடத்துல" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். நான்தான் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி ஹெர்னியா என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். அப்போது காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தவளையின் குடலைக் கையில் எடுத்துப் பார்த்தவளுக்கு அப்பாவின் குடலைப் பற்றிப் பேச என்ன வெட்கம்?

தாம்பரத்தில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையிலேயே டாக்டர் வந்து, இவரை எழுப்பி நடக்க வையுங்கள் என்றார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அறையில் இருந்த மற்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, தமிழில் சொன்னேன். அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் டாக்டருக்கு எங்கள் ஜனங்களைத் தெரியாது. வயல்களெல்லாம் பிளாட் ஆகிவிட்டாலும் எங்களிடம் ஒரு வழக்கம் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் ஊரே போய்ப் பார்க்கும். பார்க்கப் போகும்போது அவர் படுத்திருக்க வேண்டும். எழுந்து நடமாடினால் வந்தவர்களுக்கு அவமானம். "நல்லாத்தான கீறான், இதுக்கா பஸ் ஏறி வந்தோம்" என்று வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். முடிச்சூரிலிருந்து வந்தார்கள், பெருங்களத்தூரிலிருந்து வந்தார்கள். கோவளத்துச் சம்பந்தி ஒருவர் வயிற்றில் தையல் போட்டவருக்கு வஞ்சிரம் மீன் கொண்டுவந்தார். அப்பா காலைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் யாராவது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உள்ளே நுழைவார்கள். உடனே காலை மேலே இழுத்துக்கொண்டு, போர்வையை மார்புவரை ஏற்றி, குரலைத் தாழ்த்திவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரர். நான் இந்தப் பக்கம் எழுப்ப, அத்தை அந்தப் பக்கம் படுக்க வைக்க, ஓட்டுப்போடாமலே அத்தை ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

தையல் பிரிக்கிற சமயத்தில் இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் பளபளவென்று, வேறு யாரோ குண்டான ஆளின் காலை இரவல் வாங்கி மாட்டியது போல இருந்தது. தொட்டால் சுட்டது. டாக்டர் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினார். அப்பா பெண்கள் எதிரில் சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

இந்த முறை டாக்டர் தமிழிலேயே பேசினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. காலில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. அது பிய்த்துக்கொண்டு மேலே போய் நுரையீரலை அடைத்தால் பிழைப்பது கஷ்டம். ரத்தத்தை இளக்க ஊசி போடுகிறோம். அந்த ஊசியால் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசியலாம், அதையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இனி நாங்கள் சொல்லும்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, காலை யாரும் அமுக்கக் கூடாது. குடலுக்கு வைத்தியம் பார்த்ததில் கால் கெட்டது, காலுக்குப் பார்த்தால் குடல் பக்கம் ஆபத்து. நடக்கச் சொன்னபோது படுத்திருந்தவர், படுக்கச் சொன்னதும் எழுந்து நடக்கத் துடித்தார்.

அன்று மத்தியானம் டாக்டர் போனபிறகு அத்தை வந்தாள். முந்தானைக்குள் ஒரு பாட்டில். வீட்டிலேயே காய்ச்சிய எண்ணெய், சூடு ஆறாமல் துணி சுற்றி எடுத்து வந்திருந்தாள். எங்கள் தெருவில் சுளுக்கு, பிடிப்பு, வீக்கம் எதுவானாலும் அத்தைதான் உருவிவிடுவாள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். நான் முந்திக்கொண்டு கட்டிலில் ஏறி, அப்பாவின் காலுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடி இது, அப்பன் கட்டில்ல ஏறி குந்திகினு. எறங்கு. ஒரு உருவு உருவுனா வீக்கம் வடிஞ்சிரும்."

"அத்த, உள்ள ரத்தம் கட்டியிருக்கு. நீ உருவினா அது கெளம்பி நெஞ்சுல போய் அடைச்சிக்கும். அப்பா செத்துடுவாரு."

"எத்தினி பேருக்கு உருவிகீறேன், எவன்டி செத்தான்?"

"அவங்களுக்கெல்லாம் சுளுக்கு."

"நாலு எழுத்து படிச்சிட்டு எனக்கே சொல்ல வன்ட்டா. எந்தம்பிடி அவன்."

பக்கத்து அறை ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வயசுக்கு வந்த பெண் பெரியவளை மறித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நான் இறங்கவில்லை. அத்தை பாட்டில் மூடியைத் திறந்துவிட்டாள். எண்ணெய் வாசனை டெட்டால் வாசனையை அமுக்கியது. அவளுக்குத் தம்பிமேல் என்னைவிடப் பாசம் குறைவில்லை என்பதுதான் சிக்கல். பாசத்தை எப்படித் தள்ளிவிடுவது?

இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கடைசியில் வாயைத் திறந்தார். "யக்கா, வுட்டுரு. எங்காசுல படிச்சிகீது. ஒரு தபாவாவது யூஸ் ஆவட்டும்."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மூடியைத் திருகிப் பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கும் போகவில்லை. அவரை டிஸ்சார்ஜ் செய்யும்வரை பாட்டிலும் அவளும் அந்த மூலையிலேயே இருந்தார்கள். ஊசி போட்ட இடமெல்லாம் அப்பாவின் வயிற்றில் நீலம் பாய்ந்தது. பல் துலக்கினால் ஈறு சிவந்தது. ஒருநாள் கட்டுத்துணியில் ரத்தம் பார்த்துவிட்டு நான் நர்ஸிடம் ஓடினேன். ஒவ்வொன்றுக்கும் அத்தை என்னைத்தான் முறைத்தாள், ஊசியை நானே கண்டுபிடித்ததுபோல. கால் மட்டும் மெதுவாக வடிந்தது.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மறுபடி பெருங்களத்தூர்க் கூட்டம் வந்தது. அப்பா படுக்கப் போனார். பார்க்க வந்தவர்கள் கூடவே நடந்தால்தான் பார்க்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன். காலில் துணிப்பட்டையோடு அப்பா முன்னால் போக, ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு சொந்தக்காரர்கள் பின்னால் போக, சாமி புறப்பாடு மாதிரி வராண்டாவில் மேலும் கீழும் நடந்தார்கள். சாமி லுங்கியில் இருந்தது.

அத்தையும் சற்று தூரம் நடந்து பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டிலை வெளியே எடுத்தாள். புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தேய்க்காமல் காலை என் பக்கம் நீட்டினாள்.

"ஏய், இதுல கட்டி கிட்டி எதுனா கீதா பாரு. பாத்து சொல்லு. அப்பால தேச்சிக்கிறேன்."