மரியசூசை தின்ற டப்பாச் சோறு

காரைக்கால் நில அளவை ஆபீசில் மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாருடைய கேரியரும் ஒரே மேஜையில்தான் திறக்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் கொண்டுவந்ததில் ஒரு கரண்டி அடுத்தவர் மூடியில் விழ வேண்டும். விழுந்ததை யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தின்றுவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையில் சர்வேயர் மரியசூசையை மிஞ்ச ஆள் கிடையாது. "உப்பு ஒரு கல் தூக்கல்." "கருவாட்டை இன்னொரு தண்ணி அலசியிருக்கணும்." "புளி போன வருஷத்துப் புளி." சங்கிலி பிடித்து அளந்த மாதிரி இருக்கும். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டவர்களும் உண்டு.

அவருடைய நாக்கு அப்படிக் கூர்மையானதற்குக் காரணம் மனைவி சலோமியின் கைப்பக்குவம். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மரியசூசை காலை ஐந்தரைக்கே சைக்கிளில் நெரவிப் பக்கம் வயல் அளக்கக் கிளம்பிவிடுவார். வெயில் ஏறியபின் ஆபீசுக்கு வந்து, அளந்ததைப் படமாகப் போடுவார். பள்ளிக்கூட இடைவேளையில் சலோமி சூடாறாத கேரியரைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். பதினெட்டு வருஷம் இப்படியே நடந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் ஜனவரியில் சலோமிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. ஊர் மாஹே. புதுச்சேரி அரசில் வேலை பார்ப்பவர்களுக்கு மாஹே என்றால் நாடு கடத்தினது மாதிரி. அரசு ஒன்றுதான், ஆனால் ஊர் நாட்டின் மறுகரையில், மலையாளத்துக்கு நடுவில் இருக்கிறது. மூன்று வருஷம் இருந்தால் திரும்பி வரலாம். பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். ஆனால் அந்த நாற்காலி மறுபடி கிடைக்காது.

"மத்தியானத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் சலோமி. அவளுடைய முதல் கேள்வியே அதுதான்.

"அது என் பாடு. நீ போ."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் பரீட்சைத் தாள் ஒன்றின் முதுகில் சலோமியின் கையெழுத்தை அவர் பார்த்திருந்தார். கீழே 'தலைமை ஆசிரியை' என்று சேர்த்து நாலு தடவை போட்டுப் பார்த்திருந்தாள். நாலாவது நன்றாக வந்திருந்தது. அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார், அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சலோமி போவது அவள் தாயார் சகாயம்மாளுக்குப் பிடிக்கவில்லை, தம்பி மைக்கேல்ராஜுக்கும் பிடிக்கவில்லை. மைக்கேல்ராஜ் அதே ஆபீசில் படவரைவாளர். சாப்பாட்டு மேஜையில் மரியசூசைக்கு நேர் எதிர் நாற்காலி அவனுடையது. சனிக்கிழமை தவறாமல் அக்காவுக்கு ஒரு கார்டு எழுதிவிடுவான்.

"அம்மா உங்களுக்கும் சேத்து உலை வைக்கிறேங்குது அத்தான்."

"வேணாம்பா. நான் பாத்துக்கிறேன்."

அந்த வீட்டுச் சோற்றில் ஒரு பருக்கை வாயில் வைத்தால் அது சனிக்கிழமைக் கார்டில் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அத்தான் நம் வீட்டை நம்பித்தான் கிடக்கிறார் என்று படித்தால் சலோமி மறுநாளே எழுதிக் கொடுத்துவிடுவாள். ஹோட்டல் சாம்பாரில் அவருடைய வயிற்றுப்புண் விழித்துக்கொள்ளும். ராத்திரிக்கு இட்லிக்கடை உண்டு. சமையலில் அவருக்குத் தெரிந்தது வெந்நீர் வைப்பது.

அப்போதுதான் கடைத்தெருவில் உத்திராபதி ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார். சாமானை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் கூவினாலும் சனங்கள் வாசலில் நின்று "கால் கிலோ உளுந்து எடுங்க" என்றுதான் கேட்டார்கள். மரியசூசை உள்ளே நுழைந்து ஒவ்வொரு தட்டாக எழுத்து விடாமல் படித்தார்.

"எல்லாம் ரெடிமேடுங்க சர்வேயரய்யா. தொறந்தா சாப்பாடு. பட்டணத்துல ஆபீஸ் போறவங்க எல்லாம் இதான்," என்றார் உத்திராபதி.

"நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"எனக்கு வீட்டுலேர்ந்து வந்துடுது."

முதல் நாள் உப்புமாப் பொட்டலம். வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடிவைக்கச் சொல்லியிருந்தது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினார், கடிகாரத்தைப் பார்த்துத் திறந்தார். சுவரொட்டிக்குக் காய்ச்சும் பசை மாதிரி ஆவியோடு ஒரு வாடை வந்தது. கரண்டியைத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழும்பியது. நடுவில் வேகாத ரவை பல்லில் நறநறவென்று அரைபட, சுற்றியிருந்தது மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு நாக்கால் தள்ளினாலும் இறங்க மறுத்தது.

மைக்கேல்ராஜ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படி அத்தான்?"

"நல்லாயிருக்கு," என்றார் மரியசூசை.

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

வழக்கப்படி ஒரு கரண்டி எல்லார் மூடியிலும் விழுந்தது. ஆவணக் காப்பாளர் மதார் சாகிப் திருமலைராயன்பட்டினத்துக்காரர், ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த பெரியவர். வாயில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "தாளிச்சிருக்காங்க," என்றார். அதற்குமேல் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

உண்மையான வார்த்தையை மரியசூசை வேறு இடத்தில் சொன்னார். பொட்டலத்தின் மேல்தாளை நறுக்கி அதன் முதுகில் தேதி போட்டு 'பசை' என்று எழுதி அளவைப் புத்தகத்துக்குள் வைத்தார். அளந்ததைக் குறிக்காமல் விட அவரால் முடியாது.

அடுத்தது டப்பாவில் அடைத்த காய்கறிப் புலாவ். மூடியைக் கத்தியால் நெம்பியதும் மேலே விரலளவு வனஸ்பதி வெள்ளையாக உறைந்து நின்றது. அதைச் சுரண்டி ஒதுக்கிவிட்டுத் தின்றாலும் ஒவ்வொரு பருக்கையும் கோயில் மெழுகுவர்த்தியைக் கடித்தது போல உதட்டில் படிந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் சாயங்காலம் வரை உதடு வழுக்கியது. படத்தில் பட்டாணி நிறைய இருந்ததால் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. தாளின் முதுகில் 'மெழுகு. பட்டாணி 11' என்று ஏறியது.

டப்பாச் சாம்பார் துருப்பிடித்த ஆணியைச் சப்பினாற்போல இருந்தது. முருங்கைக்காய் என்று எழுதியிருந்த ஒன்றில் சக்கையும் இல்லை, காயும் இல்லை, நார் மட்டும் மிதந்தது. தயிர்சாதப் பொடி என்று ஒன்று வந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கினதும் கைக்குழந்தை கக்கின பால் வாடை அடித்தது. மரியசூசை மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது.

"என்ன அத்தான், அழுவுறீங்க?"

"மிளகு."

"தயிர்சாதத்துலயா?"

"நல்ல மிளகுப்பா."

சலோமிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். 'இங்கே சூப்பர் மார்க்கெட் சாப்பாடு சௌகரியமாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.' பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்ததை எழுதவில்லை.

மார்ச்சில் தவக்காலம் வந்தது. அதன் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடக் கூடாது. முதல் வெள்ளிக்கிழமைக்குக் கவுச்சி இல்லாததாக வேண்டும் என்று தேடியபோது உத்திராபதி கடைசித் தட்டைக் காட்டினார். பிரான்ஸ் ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டார் விடுமுறைக்கு வரும்போது மூட்டையாகக் கொண்டுவந்து, தின்றது போக மிஞ்சின டப்பாக்களை அந்தத் தட்டில் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் பிரெஞ்சு எழுத்து.

மரியசூசைக்கு நிமிர்வு வந்தது. காரைக்கால் வயல்களின் பழைய படங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் இருந்தன. பள்ளியில் அவர் அந்தப் பாஷையைப் படித்ததில்லை. இருபது வருஷமாகப் படங்களோடு உட்கார்ந்து தானாகவே எழுத்துக் கூட்டிக் கற்றிருந்தார். ஆறு, வாய்க்கால், நெல்வயல், எல்லைக்கல், தோப்பு, அவரைப் பந்தல், வெள்ளை, கறுப்பு எல்லாம் அவருக்குப் பிரெஞ்சில் தெரியும். ஆபீசில் புதிதாக வந்தவர்கள் சந்தேகம் கேட்பது அவரைத்தான்.

டப்பாவை எடுத்துப் படித்தார். வெள்ளை. அவரை. மேலே மொச்சை மாதிரிப் படமும் இருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்த மூன்று வார்த்தைகள் எந்தப் படத்திலும் வந்ததில்லை. ஊர்ப் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மணிக்கு மேஜையில் வைத்துத் திறந்தார். தக்காளி நிறத்தில் கூழ். அதில் கொட்டைகள் தோல் உரிந்து மிதந்தன. கரண்டி விட்டதும் சளப்பென்று ஒரு சத்தம் வந்தது. வாடை புதுசாக இருந்தது, புகையும் கொழுப்பும் கலந்த வாடை. இரண்டு வாய் தின்றார். கொழகொழவென்று இறங்கியது.

"வெள்ளை மொச்சை. பிரான்ஸ் சரக்கு. தவக்காலத்துக்குத் தோதா கெடைச்சுது," என்று மதார் சாகிப் மூடியில் ஒரு கரண்டி வைத்தார்.

மதார் சாகிப் விரலை வைக்கப் போனவர் மூக்கைச் சுளித்தார். "சூசை, அந்த டப்பாவை இப்படித் தாங்க."

அவர் பிறந்தது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில். அவருடைய அத்தா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். பத்து வயது வரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார்.

"வயக்காட்டுல இந்த மிருகம் மேயாதுல்ல, அதான் உங்க படத்துல வரல," என்றார். "பன்னிக் கொழுப்பு போட்டு வேகவச்சது சூசை."

மரியசூசை வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பிறகு ஜன்னலுக்கு ஓடினார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை அவருக்குப் போயிற்று. அதைவிட, கூடச் சாப்பிடும் மனிதரின் பாத்திரத்தில் தன் கையாலேயே அதை வைத்திருந்தார்.

"பாய், மன்னிச்சுக்கங்க. சத்தியமாத் தெரியாது."

மதார் சாகிப் மூடியை அவரிடமே நீட்டினார். "எனக்கு வேற மூடி வாங்கிக்குடுத்துடுங்க. நாக்குல படல, அல்லா காப்பாத்துனான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன். ரெண்டு மாசமா உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சாப்பிடுறேன், என் சோறு எனக்கே எறங்கல. யாருக்காக இந்தக் கண்றாவியைத் தின்னுறீங்க?"

மரியசூசை எதிர் நாற்காலியைப் பார்த்தார். சனிக்கிழமைக்குக் காத்திராமல் மைக்கேல்ராஜ் அப்போதே கார்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சலோமி பஸ்ஸை விட்டு இறங்கினாள். கைப்பையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தாள். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று. இங்கேயே தபாலில் சேர்க்க வேண்டியதுதான்.

"ஒங்களைப் பாத்தாலே தெரியுது," என்றாள் கணவரைப் பார்த்து. "எலும்பு எண்ணலாம்."

"அது வெயில்."

"நல்லாயிருக்கு, சௌகரியமா இருக்குன்னு பதிமூணு கடுதாசி எழுதினீங்க."

வீட்டுக்கு வந்ததும் சலோமி அவருடைய மேஜையைத் துடைக்கும்போது அளவைப் புத்தகம் கீழே விழுந்து தாள்கள் சிதறின. ஒவ்வொன்றின் முதுகிலும் தேதியோடு அவருடைய கையெழுத்து. பசை. மெழுகு. துரு. நார். கக்கின பால். சலோமி நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். ஐம்பத்தேழு தாள். அளந்த மனிதர் அளவு தவற மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அலமாரியைத் திறந்து பார்த்தாள். இரண்டு டப்பா பாக்கி இருந்தது.

மறுநாள் ஈஸ்டர் சாப்பாட்டுக்குச் சகாயம்மாளும் மைக்கேல்ராஜும் வந்தார்கள். கோழிக்குழம்பு மணந்தது. சலோமி அதற்கு முன்னால் ஒரு புலாவ் டப்பாவை உடைத்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தாள்.

"ஆபீஸ் வழக்கம்மா. வேணாங்கக் கூடாது. தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லணும். தம்பி, நீ தினமும் பாத்ததுதானே, சாப்பிடு."

மைக்கேல்ராஜ் ஆபீசில் தன் மூடியில் விழுந்ததை யாரும் பார்க்காதபோது சாமர்த்தியமாக எச்சில் தட்டில் தள்ளிவிட்டு வந்தவன். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்ததால் வாயில் போட்டான். தாடை பாதியில் நின்றுவிட்டது. சகாயம்மாள் இலையிலேயே துப்பினாள். "சீ! இது என்னடி, பொணத்துக்கு வச்ச மெழுகாட்டம்?"

சலோமி தன் பங்கைத் தின்றாள். குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"இதை மூணு மாசம் தின்னுட்டு ஒரு மனுஷன் உசுரோட உக்காந்திருக்காரும்மா. இவருக்குச் சமைச்சுப் போடத்தான் நான் ஓடி வரணுமா? இன்னும் மூணு வருஷம் எதைக் குடுத்தாலும் தாங்குவாரு."

மரியசூசை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சிவந்திருந்தது.

வெட்டின டப்பா மூடி கூராக இருந்தது, குப்பை அள்ளுபவர் கையைக் கிழித்துவிடும். சலோமி கைப்பையைத் திறந்து, எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து, மூடியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி எறிந்தாள். பிறகு கோழிக்குழம்பைப் பரிமாறினாள்.

புதன்கிழமை ஒரு மணிக்கு மரியசூசை கடைசி டப்பாவை மேஜையில் திறந்தார். மதார் சாகிப் தன் புது மூடியைக் கையால் பொத்திக்கொண்டார். மைக்கேல்ராஜ் தலையை நிமிர்த்தவில்லை.

மரியசூசை வனஸ்பதியைச் சுரண்டி ஒதுக்கினார். பட்டாணியைக் கரண்டியால் ஒதுக்கி எண்ணினார்.

"ஒன்பது. ரெண்டு கொறையுது," என்றார். ஒரு வாய் தின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, பழைய குரலில், "கண்றாவி," என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை எடுத்தார்.